இடது பக்கக் குழாய்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். வண்டியைப் பற்றித் தெரியாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 1992இல் ஒர்க்ஷாப் பையன் ஒருவன் எனக்குக் காட்டினான். அவனுக்கு நான் செய்ததை இதுவரை எங்கும் எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

அப்போது புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் யூ.டி.சி.யாக இருந்தேன். செகண்ட் ஹேண்டில் ஒரு ராஜ்தூத் 350 வாங்கியிருந்தேன். யமஹாவின் ஆர்.டி. 350 வண்டியை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இங்கே அந்தப் பெயரில் தயாரித்து விற்றது. 347 சி.சி., டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். பெட்ரோலை மடமடவென்று குடிக்கும். அதனால் வாங்கியவர் விற்றுவிடத் துடித்தார். என் சம்பளத்துக்கும் எட்டியது. அதை வாங்கியதற்காக என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

அந்த வண்டிக்கு எல்லாமே இரண்டு. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், இரண்டு காயில், இரண்டு செட் பாயிண்ட், இரண்டு சைலன்சர். இரண்டு சின்ன வண்டிகளை ஒன்றாகக் கோர்த்த மாதிரி. ஒரு சிலிண்டர் படுத்துக்கொண்டாலும் மற்றது அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். வண்டி நிற்காது, எங்கே கோளாறு என்றும் சட்டென்று தெரியாது.

முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் கார்புரேட்டர் இரண்டையும் கழட்டிக் கழுவச் சொன்னேன். அங்கிருந்த பதினேழு வயதுப் பையன்தான் செய்தான். இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடியது. பிறகு தொல்லை ஆரம்பித்தது. நின்றால் எஞ்சின் உதறும். கிளப்பும்போது முதலில் திணறி, அப்புறம் திடீரென்று பாயும். வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் தெரியாது.

நேராக ஒர்க்ஷாப் முதலாளியிடம் போனேன். "கார்புரேட்டரைத் தொட்டது உங்க பையன்தான். நல்ல ஜெட்டை எடுத்துட்டுப் பழசை மாட்டியிருக்கானோ என்னவோ" என்றேன். இப்படிச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆபீஸ் வழக்கம்தான், ஃபைல் காணோம் என்றால் கடைசியாக அதைத் தொட்டவனுக்கு மெமோ. முதலாளி பையனைப் பார்த்து, "இந்த வாரக் கூலி கிடையாதுடா" என்றார்.

பையன் எதிர்த்துப் பேசவில்லை. "வண்டி ஆறட்டும் சார், பாக்குறேன்" என்றான்.

ஆறிய வண்டியைக் கிளப்பி ஐடிலில் விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு குவளைத் தண்ணீரில் விரலை நனைத்து இரண்டு பெண்ட் பைப்பிலும் தெளித்தான். வலது பக்கம் சொய்ங்கென்று ஆவியானது. இடது பக்கம் சொட்டு அப்படியே வழிந்தது. "லெஃப்ட் அடிக்கலை சார்."

பிளக்குகளைக் கழட்டினான். வலது பக்கம் காய்ந்து பிஸ்கட் நிறத்தில் இருந்தது. இடது பக்கம் கறுத்து ஈரமாக இருந்தது. நான் உடனே புது பிளக் வாங்கப் புறப்பட்டேன். "இருங்க சார்" என்று இரண்டையும் துடைத்து, இடம் மாற்றி மாட்டினான். கோளாறு பிளக்கில் இருந்தால் அது பிளக்கோடு வலது பக்கம் போய்விடும் அல்லவா? போகவில்லை. இடதுதான் மறுபடியும் குளிர்ந்திருந்தது. அடுத்து காயில்களை இடம் மாற்றினான். வயரை மட்டும் மாற்றிக் குத்தினால் போதாதா என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே நேரத்துல அடிக்காது சார். ஒரு பிஸ்டன் மேல இருக்கும்போது இன்னொண்ணு கீழ இருக்கும்." காயிலும் குற்றவாளி இல்லை. பாயிண்ட் இடைவெளியை கேஜ் விட்டு அளந்தான். கார்புரேட்டரை சிலிண்டரோடு சேர்க்கும் ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவினான். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றம், பிறகு தண்ணீர்ச் சொட்டு.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1637இல் தெகார்த் எழுதிய 'திஸ்கூர் த லா மெத்தோது' நூலில் வரும் நான்கு விதிகளை எங்கள் முசியே மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். தெளிவாகத் தெரியாத எதையும் உண்மை என்று ஏற்காதே. சிக்கலைக் கூறுகளாகப் பிரி. எளியதிலிருந்து தொடங்கு. ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று கடைசியில் சரிபார். பரீட்சையில் இதை எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். பள்ளிப் படிப்பை முடிக்காத அந்தப் பையன் நான்கையும் என் கண் முன்னால் செய்துகொண்டிருந்தான். நான் முதல் விதியிலேயே தோற்றிருந்தேன்.

கடைசியில் இடது கார்புரேட்டர் பக்கம் குனிந்து பார்த்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "சார், டியூனிங் பண்ணி முடிச்சதும் ஐடில் ஸ்குரூ மேல பெயிண்ட் புள்ளி வப்பேன். இங்க புள்ளி திரும்பியிருக்கு."

அப்போதுதான் நினைவு வந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஐடில் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்று நானே திருகியிருந்தேன். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றது. நானும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கமும் அதே போல ஒரு ஸ்குரூ இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் திருகியதில் இடது பக்கம் காற்று போகும் வழி ஏறக்குறைய அடைபட்டது. வலது சிலிண்டர் தனியாக வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

பையன் புள்ளிக்குப் புள்ளி சேரும்படி ஸ்குரூவைத் திருப்பி வைத்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு குழாயிலும் சொய்ங் என்றது. முதலாளி உள்ளேயிருந்து, "என்னடா ஆச்சு?" என்று குரல் கொடுத்தார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். நாற்பது வயது அரசாங்க உத்தியோகஸ்தன், வாயைத் திறக்கவில்லை. "ஸ்குரூ லூசாகித் திரும்பியிருக்கு முதலாளி" என்று அவனே சொல்லிவிட்டான். நான் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. அடுத்த சனிக்கிழமை போய் முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன். "அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். அவன் திங்கக்கிழமையே வேலைய விட்டுப் போயிட்டான்" என்றார். எங்கே போனான் என்று அவருக்கும் தெரியவில்லை. கொடுக்க எடுத்துப்போன பணம் என் சட்டைப் பையிலேயே திரும்பி வந்தது.

அதன் பிறகு பணி ஓய்வு பெறும்வரை, 'கடைசியாகத் தொட்டவன்' என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவருக்கும் நான் மெமோ எழுதவில்லை. மேலதிகாரி எழுதச் சொன்னால், ரெஜிஸ்டரை முதலில் பார்த்துவிடலாம் சார் என்பேன். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

வண்டியை 1998இல் விற்றேன். வாங்கியவரிடம், ஐடில் ஸ்குரூ இரண்டு உண்டு, பெயிண்ட் புள்ளி இருக்கிறது, திருகாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். எங்கேயாவது சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். தம்பி, இது உன் கண்ணில் பட்டால்: அந்த ஸ்குரூவைத் திருகியது நான்தான். உனக்கு அன்றே தெரியும். ஒரு வாரக் கூலி நான் உனக்குப் பாக்கி.