ஆயிரம் ஜன்னல் ஊரில் நம் வீட்டுக்கு ஐந்து ஜன்னல்!

காரைக்குடியில் ஆட்டோ ஏறி "ஆயிரம் ஜன்னல் வீடு" என்று சொன்னால் போதும், தெருப் பெயர் கேட்க மாட்டார்கள். 1941-ல் கட்டிய வீடு. சுமார் 20,000 சதுர அடி, அன்றைய செலவு ஒண்ணேகால் லட்ச ரூபாய் என்று ஊரில் கணக்குச் சொல்கிறார்கள். நிஜமாகவே ஆயிரம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க ஆசைதான். ஆனால் அது ஒரு குடும்பத்தின் சொந்த வீடு. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். நானும் ஒரு பக்கத்தை எண்ண ஆரம்பித்தேன். கழுத்து வலித்ததும் விட்டுவிட்டேன்.

செட்டிநாட்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுக்காகவோ, ஆத்தங்குடி டைல்ஸுக்காகவோ, கண்டாங்கி சேலைக்காகவோ போவார்கள். நான் போனது ஜன்னலுக்காக. புதுக்கோட்டையில் தாத்தா கட்டிய வீட்டில் ஐந்து ஜன்னல்களை மாற்றியாக வேண்டும். எல்லாம் வேப்ப மரம், இரண்டில் கரையான். அண்ணன் யு.பி.வி.சி போடலாம் என்கிறான். அப்பாவுக்குக் காரைக்குடிப் பழைய தேக்கு மேல் ஒரு கண். அம்மாவுக்குக் கொசு வராமல் இருந்தால் சரி. அப்பத்தா எதுவும் சொல்லவில்லை. தெருப் பக்க ஜன்னலோரம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கீழ்க் கதவைச் சாத்தி மேல் கதவை மட்டும் திறந்து வைத்து, போகிற வருகிறவர்களை விசாரிப்பதுதான் அவர் வேலை. அந்த ஜன்னலை மாற்றப்போகிறோம் என்றதும், "எனக்குப் பிறகு மாத்திக்கங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி நாற்பது கிலோமீட்டர்தான். சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

போகிற வழியில் ஒரு சின்ன விஷயம். 'ஜன்னல்' நம் சொல்லே இல்லை. போர்ச்சுக்கீசியர்களின் 'ஜனேலா' கப்பலில் வந்து ஜன்னலாகிவிட்டது. நம்மிடம் சாளரம் உண்டு, பலகணி உண்டு. இவற்றைவிட எனக்குப் பிடித்தது 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி! ஜன்னல் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கடையில் நாம் மரத்தைப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். காற்றை மறந்துவிடுகிறோம்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் பெரிய வீடுகளின் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். திண்ணையும் தூண்களுமாக முகப்பு, அடுத்து திறந்த முற்றத்தோடு வளவு, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, கடைசியில் சமையல் கட்டு. முன்வாசலில் நின்றால் வாசல்களுக்குள் வாசலாகப் பின்கட்டு வரை தெரியும். தடித்த செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, எட்டாத உயரத்தில் கூரை. முற்றத்தில் சூடேறிய காற்று மேலே போய்விட, அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் புதுக் காற்று உள்ளே வருகிறது. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்ததும் "ஏசி போட்டிருக்காங்களா?" என்று கேட்க வைப்பது இந்த ஏற்பாடுதான்.

ஜன்னலை மட்டும் கிட்டத்தில் பாருங்கள். கனமான நிலை, செங்குத்தாக இரும்புக் கம்பிகள், மேலே ஒரு ஜோடி கதவு, கீழே ஒரு ஜோடி கதவு. அதற்கும் மேலே பச்சை, நீலம், சிவப்பு என்று வண்ணக் கண்ணாடி. வெளிச்சம் வேண்டும், தெருக்காரர்கள் பார்வை வேண்டாம் என்றால் கீழ் ஜோடியைச் சாத்திக்கொள்ளலாம். தரையில் பாய் விரித்துப் படுக்கும்போது கீழே காற்று வேண்டுமென்றால் அதைத் திறந்துகொள்ளலாம். கர்ட்டனும் வேண்டாம், பிளைண்ட்ஸும் வேண்டாம். அப்பத்தா எண்பது வயதில் செய்வதும் இதைத்தான். கானாடுகாத்தானில் இப்படி ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அண்ணன் சொல்லும் ஸ்லைடிங் ஜன்னலில் திறந்தால் இடுப்பிலிருந்து தலை வரை எல்லாம் தெரியும், மூடினால் எதுவும் கிடையாது.

முனீஸ்வரன் கோயில் தெரு

காரைக்குடியில் பழைய பொருள் என்றாலே முனீஸ்வரன் கோயில் தெருதான். பித்தளைப் பாத்திரம், எனாமல் தட்டு, மரப்பாச்சி, சாமி படம், பீங்கான் ஜாடி என்று கடைகளில் நடக்க இடமிருக்காது. சின்னச் சாமான்கள் உள்ளே, தூணும் நிலையும் கதவும் பின்னால் இருக்கும் கிடங்குகளில். சுவரில் சாய்த்துவைத்த ஜன்னல்கள் வரிசையாக நிற்கின்றன. சிலவற்றில் இன்னும் பழைய பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருக்கிறது. ஒன்றின் கம்பியில் யாரோ கட்டிய சிவப்புத் துணி அப்படியே இருந்தது.

விலையை எழுதப்போவதில்லை. மரத்துக்கு மரம், பேரத்துக்குப் பேரம் மாறும். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை மட்டும், கடையில் நின்றபடியே எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு மர ஆசாரியின் புண்ணியத்தில் சொல்கிறேன். முதலில் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள், கனம் தெரியும். கண்ணுக்குத் தெரியாத உள்பக்க ஓரத்தில் லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள். வைரம் பாய்ந்த தேக்கு பொன்னிறத்திலிருந்து பழுப்பு வரை இருக்கும். வெளுத்த பகுதி மரத்தின் வெளிவட்டம், அதைத்தான் கரையான் முதலில் தேடி வரும். விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் பொக்கென்று இருந்தால் உள்ளே ஓட்டை, மேலே புட்டி. நிலையின் அடிக்கட்டையை அவசியம் பாருங்கள். தண்ணீர் தேங்கி உளுத்துப்போவது எப்போதும் அங்கேதான்.

அடுத்தது அளவு. பழைய வீட்டுச் சுவர் தடிமன் வேறு, நம் ஒன்பது அங்குலச் சுவர் வேறு. கதவு அளவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, நிலையின் வெளி அளவை மறந்துவிட்டால், ஜன்னலுக்காகச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். இருக்கும் திறப்பைச் சிறிதாக்குவது சுலபம், செங்கல் வைத்து அடைத்துவிடலாம். பெரிதாக்க வேண்டுமென்றால் மேலே லின்டல் இருக்கிறது, சுவர் பாரம் தாங்குகிறது. இன்ஜினீயரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஜன்னலை முதலில் வாங்கிவிட்டு, அதன் அளவுக்குச் சுவரில் இடம் விடலாம்.

குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இன்னொன்று. வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்கு இந்தியாவில் கடும் கட்டுப்பாடு வந்தது 2017 நவம்பரில்தான். பழைய ஜன்னலின் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை வீட்டுக்குள் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வெளியே வைத்து, ஈரப்படுத்தி, மாஸ்க் போட்டுக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

எல்லாம் சரி, இந்த ஜன்னல்கள் எங்கிருந்து வருகின்றன? கேட்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே இரண்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பேன். ஒரு ஜோடி ஜன்னலைக் காட்டி எந்த ஊர் வீட்டுடையது என்றேன். ஊர்ப் பெயரைச் சொன்ன கடைக்காரர், "இப்ப அங்க காலி மனைதான் தம்பி" என்றார்.

அந்த ஜன்னலின் மரம் பர்மாவில் வளர்ந்தது. நகரத்தார் அங்கே வட்டித் தொழில் செய்தார்கள். 1930-களின் மந்தத்தில் கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலங்கள் அவர்கள் கைக்கு வந்து, கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் அவர்கள் வசம் இருந்தது. அந்தப் பணத்தில் பர்மா தேக்கு வந்தது, இத்தாலி பளிங்கு வந்தது, பெல்ஜியம் கண்ணாடி வந்தது. (அந்த விவசாயிகளின் பக்கக் கதை வேறு. இந்த வீடுகளின் அழகைப் பற்றி எழுதும் நாங்கள் யாரும் அதை அதிகம் எழுதுவதில்லை.) ஆயிரம் ஜன்னல் வீடு எழுந்தது 1941-ல். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்து பர்மா விடுதலை பெற்று நிலங்கள் நாட்டுடைமை ஆயின. 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. மரம் வந்த வழியும் பணம் வந்த வழியும் அடைபட்டன. 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டு மரங்களின் ஏற்றுமதிக்கே தடை போட்டுவிட்டது. அந்தக் காட்டில் மெதுவாக வளர்ந்து முற்றிய மரத்துக்கும், இன்று தோட்டத்தில் சீக்கிரம் வளர்த்து வெட்டும் தேக்குக்கும் வித்தியாசம் நிறைய. அதனால்தான் பழைய ஜன்னலுக்கு இத்தனை கிராக்கி.

வீட்டுக்காரர்கள் ஆசைப்பட்டு விற்பதில்லை. ஒரு பெரிய வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. மூன்று தலைமுறை தாண்டினால் பங்குதாரர்கள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டும் என்றால்கூட அத்தனை பேரும் சம்மதித்துப் பணம் அனுப்ப வேண்டும். அது நடப்பதற்குள் மழை இறங்கிவிடும். கடைசியில் பிரித்து விற்றுப் பங்கு போட்டுக்கொள்வதுதான் சண்டை இல்லாத வழியாகத் தெரிகிறது. 2014-லேயே செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. ஆனால் அது முழு அங்கீகாரம் இல்லை, வெறும் காத்திருப்பு. இங்கிலாந்தில் பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலிடப்பட்ட வீட்டில் ஒரு ஜன்னலை மாற்றவே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். இங்கே முழு வீடே லாரியில் போகிறது. கானாடுகாத்தானிலும் கோத்தமங்கலத்திலும் சில வீடுகள் ஹோட்டலாகிப் பிழைத்துக்கொண்டன. எல்லா வீடும் ஹோட்டலாக முடியாது.

ஆகவே பழைய ஜன்னல் வாங்குவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. பிரித்தாகிவிட்ட வீட்டின் ஜன்னல் விறகாவதைவிட யார் வீட்டிலாவது காற்று வாங்குவது நல்லது. ஆனால் நான்கு பேர் அழகுக்காகத் தேடிப் போனால், ஐந்தாவது வீட்டைப் பிரிக்க விலை கூடுகிறது என்பதும் உண்மை. மாடிச் சுவரில் கண்ணாடி பதித்து மாட்டி வைக்க ஒரு ஜன்னல் வேண்டும் என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உளுத்தது எவ்வளவு?

"மாத்தணும்னு யாரு சொன்னது?" என்று கேட்டதும் அதே ஆசாரிதான். என் போனில் இருந்த எங்கள் வீட்டு ஜன்னல் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார். ஐந்தில் மூன்றுக்கு அடிக்கட்டை மட்டும்தான் போயிருக்கிறது. கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, அதே அளவில் நல்ல மரத்துண்டை ஒட்டுப்போட்டு, கீல் மாற்றி, கரையானுக்கு மருந்து அடித்தால் போதும். வெளியே தண்ணீர் தேங்காமல் வழிந்தோடச் சரிவு கொடுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பர்மா தேக்கே போட்டாலும் உளுக்கும். கொசுவலையைத் தனிச் சட்டத்தில் உள்பக்கம் மாட்டலாம்.

கரையான் முழுசாகத் தின்ற இரண்டுக்குப் புது ஜன்னல் வேண்டும். அங்கே யு.பி.வி.சி-யை நான் எதிர்க்கவில்லை. கரையான் வராது, பெயின்ட் வேண்டாம், பஸ் சத்தமும் தூசும் குறையும். உள்ளே ஸ்டீல் வைத்திருக்கிறார்களா என்று வெட்டிய துண்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மட்டமான சரக்கு வெயிலில் மஞ்சளாகிவிடும். அலுமினியம் உறுதியானது, ஆனால் வெயில் பட்டால் சூட்டை உள்ளே கடத்தும். எதை வாங்கினாலும், இரண்டு பலகை ஸ்லைடிங் போட்டால் காற்று வருவது பாதி அளவுக்குத்தான். வெளியே திறக்கும் கதவு மாதிரி என்றால் முழுத் திறப்பும் கிடைக்கும். தேசிய கட்டட விதித் தொகுப்பு வறண்ட வெப்பப் பகுதிக்குத் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈரப்பதம் மிகுந்த வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கும் குறைந்தபட்ச ஜன்னல் பரப்பாகச் சொல்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 12 முதல் 20 சதுர அடி. எங்கள் வீட்டின் பின் அறை ஜன்னல் எட்டு சதுர அடிதான்! அதுவும் எதிர்ச் சுவரில் திறப்பே கிடையாது. முற்றம் இல்லாத கான்கிரீட் அறையில் செட்டிநாட்டு ஜன்னலைக் கொண்டுவந்து வைத்தாலும், காற்று வெளியேற வழியில்லாமல் செட்டிநாட்டுக் குளிர்ச்சி வராது.

இப்போது முடிவாகியிருப்பது இதுதான். மூன்று ஜன்னல் ஆசாரி கையில். பின் அறைக்கு வெளியே திறக்கும் யு.பி.வி.சி, கூடவே எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு வென்டிலேட்டர். அண்ணனுக்குப் பாதி வெற்றி. ஐந்தாவதுக்கு, காலி மனையாகிவிட்ட அந்த வீட்டின் ஜோடியில் ஒன்றை அப்பா கேட்டிருக்கிறார். நிலையின் வெளி அளவு ஒன்றரை அங்குலம் கூடுதல் என்பதால் பேச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது.

தெருப் பக்க ஜன்னல், ஒட்டுப்போடும் மூன்றில் ஒன்று. மேல் ஜோடியும் கீழ் ஜோடியும் அப்படியே இருக்கும். ஆசாரி வேலை செய்யும் நான்கு நாளும் கட்டிலை எங்கே போடுவது என்பதுதான் இப்போது அப்பத்தாவின் கவலை.