பதினோரு மணிக் கூட்டம்

கஜா புயலுக்கு முன்பு மக்களை முகாம்களுக்கு அழைத்துப்போன வேகத்தைக் கட்சி வித்தியாசம் இல்லாமல் பாராட்டினார்கள். அது தகுந்த பாராட்டுதான். அதில் ஒரு பங்கு எனக்கும் வந்தது; ஊரில் கூட்டிவைத்துச் சால்வை போர்த்தினார்கள். நான் அதை வாங்கியிருக்கக் கூடாது.

சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் பேரிடர்ப் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். வேதாரண்யம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் குடும்பங்களைத் தயார்ப்படுத்தும் வேலை எனக்கு. ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது, குடங்களில் தண்ணீர் பிடித்து வைப்பது, கூரையைக் கயிறு போட்டு இறுக்குவது, படுக்கையில் கிடப்பவர்களை யார் தூக்குவது என்று முன்பே பேசி வைப்பது. கஷ்டமான பாடம் இல்லை, கேட்க ஆள் இருந்தால் போதும்.

கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைத்தேன். எனக்குப் பஸ் வசதி அப்படி. அந்த நேரத்தில் உப்பளத்துக்கும் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். மாடி வீட்டுக்காரர்கள் வந்தார்கள், டீ குடித்தார்கள், போட்டோவுக்கு நின்றார்கள். வாய்க்காலுக்கு அப்பால் இருந்த கீற்றுக் கொட்டகைத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் ஒரு பையனிடம் பதிவேட்டைக் கொடுத்தனுப்பி, அங்கே கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிவரச் சொன்னேன். 'பயிற்சி பெற்ற குடும்பங்கள்' என்று அறிக்கையில் ஏற்றினேன். மார்ச்சுக்குள் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது என்பது காரணத்தில் பாதிதான். அது தலித் தெரு. அங்கே ஒரு திண்ணையில்கூட நான் உட்கார்ந்ததில்லை. இதை மறைத்தால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிக் கஜா கரையேறியது. அந்தத் தெருக்காரர்களும் முகாமில்தான் இருந்தார்கள். வருவாய்த் துறை ஆட்கள் வீடு வீடாகப் போய் அழைத்து வந்திருந்தார்கள். வடக்கேயிருந்து சுழற்றியடித்த காற்று திடீரென்று நின்றது. புயலின் கண் கடக்கும்போது இப்படித்தான் அடங்கும், பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். 1952 புயலைப் பார்த்த கிழவர்களுக்கே தெரிந்த விஷயம். என் பாடத்திலும் இருந்தது. காற்று விட்டதென்று நினைத்து, கட்டிவைத்த ஆடுகளைப் பார்க்கச் சிலர் கிளம்பிவிட்டார்கள். தெற்கேயிருந்து வந்த காற்றில் தென்னை சாய்ந்து ஒருவருக்குக் கால் போயிற்று.

பிறகு பல நாள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டி காய்ந்தது, குடி தண்ணீருக்குச் சண்டை. முழுதாகச் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, அந்தத் தெருவில் பாதிப் பேரின் காகிதங்கள் கூரையோடு போயிருந்தன. மாடி வீடுகளில் பிளாஸ்டிக் பைகள் பத்திரமாக இருந்தன. மனுக்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நன்றி சொன்னார்கள், அதையும் வாங்கிக்கொண்டேன்.

கால் போனவர் இப்போதும் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார். அப்படி ஒரு பாடம் இருந்ததே அவருக்குத் தெரியாது. பதிவேட்டில் அவர் கைநாட்டு இருக்கிறது.

அந்த வேலையை விட்டுவிட்டேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஐப்பசி பிறப்பதற்குள் கூட்டத்தைப் போடுங்கள், இரவு எட்டு மணிக்குப் போடுங்கள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போடுங்கள். வராத வீட்டுக்கு நேரே 'வரவில்லை' என்றே எழுதுங்கள்.