பத்திரி உரித்த காலம்

ஜாதிக்காய் காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகியிருந்தால் கடகடவென்று ஆடும். சத்தம் வராவிட்டால் திரும்பவும் பாயில் போடவேண்டியதுதான். நல்ல வெயில் அடித்தாலே ஆறு வாரம் ஆகும். பாலிக் புலாவில் ஆறு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்து நான் பார்த்ததில்லை. மூன்று மணியானால் மலைப்பக்கம் இருண்டுகொண்டு வரும். அம்மா அடுப்படியிலிருந்தே, "பாயை எடு, பாயை எடு" என்று கத்துவார்.

எட்டு வயதில் எனக்குக் கொடுத்த முதல் வேலை இப்படி ஆட்டிப் பார்ப்பதுதான். நான் ஒவ்வொன்றையும் ஐந்தாறு தடவை ஆட்டுவேன். சத்தம் வந்த மாதிரி இருக்கும், வராத மாதிரியும் இருக்கும். "அது இன்னும் ஆகலை பாப்பா, போட்டுடு" என்பார் அண்ணன். அவருக்குப் பார்க்காமலே தெரியும். அப்போது அவருக்குப் பதினேழு வயது.

பினாங்குக்கு வருகிறவர்கள் ஜார்ஜ் டவுனைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் மலைக்கு அந்தப் பக்கம். பாலிக் புலாவ் என்ற பெயருக்கே தீவின் பின்பக்கம் என்றுதான் அர்த்தம். மஞ்சள் பஸ் பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார் எல்லாம் சுற்றி, மேடு ஏறி இறங்கி வந்து சேர்வதற்குள் எனக்கு ஒரு தடவையாவது குமட்டிவிடும். டுரியான், கிராம்பு, ஜாதிக்காய், இந்த மூன்றில்தான் ஊரின் பிழைப்பு. ஜாதிக்காய் ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து நட்டது. 1860 வாக்கில் நோய் விழுந்து தீவில் தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போயிற்று என்பார்கள். அதற்குப் பிறகும் யாரோ சளைக்காமல் கன்று நட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் உலை கொதித்தது அவர்கள் புண்ணியத்தில்.

ஊரில் எங்கள் கோயில் யேசுவின் திருநாமக் கோயில். பிரெஞ்சு சாமிமார்கள் 1854-இல் தொடங்கிய பங்கு. பெஞ்சுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஹக்காச் சீனர்கள். தமிழ்க் குடும்பங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பூசையில் பாதி எனக்குப் புரியாது. புரியாத ஜெபத்துக்கும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்வார். எங்கள் தமிழ் எல்லாம் ராத்திரி ஜெபமாலையில்தான். அண்ணன் பூசைக்கு உதவி செய்வார், எழுந்தேற்றத்தின்போது மணி அடிப்பார். எனக்கும் அந்த மணி மேல் ஆசை. பொம்பளைப் பிள்ளைகள் பீடத்துப் படியில் கால் வைக்க முடியாத காலம் அது.

1976-இல், ஐந்தாம் படிவம் முடிக்கும் சமயத்தில், பங்குச் சாமி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார். அண்ணனுக்குத் தேவ அழைத்தல் இருப்பதாகத் தெரிகிறது, குருமடத்துக்கு எழுதலாமா என்று கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறது. அம்மா ஜூலை மாதத் திருவிழாவில் புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாளுக்கு அண்ணன் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டார். அப்போது இன்னும் பாலம் கட்டியிருக்கவில்லை. ஃபெரியில் பட்டர்வொர்த் போய் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும்.

கடிதம் போன மறுமாதம் அப்பா கிராம்பு பறிக்கிற ஏணியிலிருந்து விழுந்தார். முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் வேலை பார்த்த தோட்டத்து முதலாளி மூன்று மாதம் அரைச் சம்பளம் கொடுத்தார், நாலாம் மாதம் குடியிருந்த அறையைக் காலி செய்யச் சொன்னார். கோயிலில் எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காரும் ஹக்காத் தவுக்கே ஒருவர் தம் ஜாதிக்காய்த் தோட்டத்துக் குடிசையைக் கொடுத்தார். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டால் விளைச்சலில் பங்கு. பார்த்துக்கொள்ள அண்ணனைத் தவிர ஆள் கிடையாது. குருமடத்துக்கு இரண்டாவது கடிதம் போயிற்று, இப்போதைக்கு இல்லை என்று.

அண்ணனை அந்த நாளிலேயே புனிதர் ஆக்கிவிட எனக்கு விருப்பம் இல்லை. அவர் கோபக்காரர். ஜாதிக்காய் பழுத்து வெடித்ததும் கொட்டை மேல் சிவப்பாக வலைபோல் சுற்றியிருக்கும் பாருங்கள், அதுதான் ஜாதிபத்திரி. கொட்டையை விட அதற்குத்தான் விலை. கிழியாமல் முழுசாக உரித்தால் ஒரு விலை, துண்டு துண்டானால் வேறு விலை. அடிப்பக்கம் நகத்தால் மெல்ல நெம்பி, விரலை உருட்டி உருட்டிக் கழற்ற வேண்டும். அண்ணன் பிய்த்து எறிவார். முதல் வருஷம் எங்கள் பத்திரி பூராவும் துண்டுதான். தவுக்கே ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பக் கொட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்னொரு நாள். அண்ணனோடு ஞானோபதேசம் படித்த வேறு பங்குப் பையன் குருமடத்தில் சேர்ந்துவிட்டான் என்று சேதி வந்தது. அண்ணன் முற்றத்துக்குப் போனார். நாலு நாள் காய்ந்து, இரத்தச் சிவப்பு மாறிப் பொன்னிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பத்திரி, முறம் முறமாக. ஒரு முறத்தை எட்டி உதைத்தார். முந்தின நாள் மழைச் சேற்றில் அத்தனையும் போய் விழுந்தது. உள்ளேயிருந்து அப்பா, "என்னப்பா சத்தம்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டும்வரை பொறுக்கினோம். கழுவிய பத்திரி மணம் போய்விடும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

துன்பம் ஆளைப் பக்குவப்படுத்தும் என்று மேடையில் சொல்கிறவர்களை நான் முழுசாக நம்புவதில்லை. அதே குடிசையில், அதே துன்பத்தில்தான் அப்பாவும் கிடந்தார். அவர் வருஷத்துக்கு வருஷம் கசந்துகொண்டே போனார். ரோமையருக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுலடிகளார் துன்பத்தில் தொடங்கி நம்பிக்கையில் முடியும் ஒரு படிக்கட்டு கட்டியிருக்கிறார். எங்கள் வீட்டில் அது பாசி பிடித்த படிக்கட்டாக இருந்தது. இரண்டு படி ஏறினால் ஒரு படி சறுக்கும். அண்ணனிடம் மாற்றம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், ஜெபத்தில் என்று சொல்ல மாட்டேன். அப்பாவின் முதுகில் என்று சொல்வேன்.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போடாவிட்டால் புண் வந்துவிடும். விடிகாலை நாலரைக்கு அண்ணன் எழுந்து வெந்நீர் வைப்பார். அப்பாவை ஒருக்களித்துப் பிடித்து, கழுவி, வேட்டி மாற்றி, முதுகை ஒற்றித் துடைத்து, குட்டிக்கூரா பவுடர் போடுவார். முதல் ஒன்றிரண்டு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார். அப்பா வெட்கத்தில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஒரு நாள் பேச்சுச் சத்தம் கேட்டது. மெர்டேக்கா கோப்பைப் பந்தாட்டம். அப்பா எதையோ மறுத்துப் பேசினார். அண்ணன், "கையை என் தோள் மேல போட்டுக்குங்கப்பா" என்றார், கோல் பற்றிப் பேசிய அதே குரலில். அந்த வருஷம் எங்கள் பத்திரியில் பாதிக்கு மேல் முழுசு.

சாமி அண்ணனைக் கைவிட்டுவிடவில்லை. மாதம் ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் வருவார், கோப்பி குடிப்பார், கதை சொல்வார். ஷாஸ்தான் என்ற பிரெஞ்சுக் குருவின் கதையை அவர் வாயால்தான் கேட்டேன். புலாவ் திக்குஸில் இருந்த பெரிய குருமடம், பொதுக் கல்லூரி என்பது, 1665-இல் சயாமின் அயுத்தயாவில் தொடங்கி ஊர் ஊராகத் துரத்தப்பட்டு, 1808-இல் பினாங்குக்கு வந்தது. பின்னாளில் அதுவும் தஞ்சோங் பூங்கா மேட்டுக்கு மாறிவிட்டது. கொரியாவுக்குப் போக வேண்டும் என்று துடித்த ஷாஸ்தானுக்கு வழி அடைத்திருந்தது. பினாங்குக்குப் போய்ப் பாடம் நடத்து என்றார்கள். வருஷக்கணக்கில் நடத்தினார். 1830-களின் பிற்பாதியில்தான் அவரால் கொரியாவுக்குள் நுழைய முடிந்தது. 1839 செப்டம்பரில் தலையை வெட்டிவிட்டார்கள். இதே கல்லூரியில் கொஞ்ச காலம் கற்பித்த இம்பேர் ஆண்டகையும் அவரோடு இறந்தார்.

அம்மா கோப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அத்தனை வருஷம் காத்திருந்து, போய்க் கொஞ்ச நாள்தானா சாமி? இதென்ன கணக்கு?" என்றார்.

சாமி சிரித்தார். "பினாங்கில இருந்த வருஷத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கம்மா" என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் அப்போது பிடிக்கவில்லை.

எங்கள் கோயில் உபதேசியார் இன்னும் பக்கத்து ஆளைக் காட்டினார். 1978-இல் பினாங்கு ஆயராகப் பொறுப்பேற்ற அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ் சுங்கை பட்டாணியில் 1932-இல் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் படிப்பு தடைபட்டது. ஆஸ்பத்திரி உதவியாளராக வேலை பார்த்துவிட்டு (தோட்டங்களில் நாம் டிரெஸ்ஸர் என்போமே, அந்த வேலை) அதற்கப்புறம் குருமடம் போய், 1966-இல் குருப்பட்டம் வாங்கும்போது வயது முப்பத்து நாலு. "மருந்து கட்டின கைதான் இப்ப அபிஷேகம் பண்ணுது" என்றார் உபதேசியார். அப்பா கட்டிலிலிருந்து, "முப்பத்து நாலா?" என்று இரண்டு தடவை கேட்டார். அண்ணனை அங்கே கட்டிப்போட்டது தாம்தான் என்ற எண்ணம் அவரை எவ்வளவு அரித்திருக்கிறது என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த டிரெஸ்ஸர் 2016-இல் மலேசியாவின் முதல் கர்தினால் ஆனார். அதைப் பார்க்க அப்பா இல்லை.

குடிசைக்கு வந்த புதிதில், 1977-இல், அண்ணன் கிணற்றோரம் ஒரு ஜாதிக்காய்க் கன்று நட்டார். விதை போட்டு முளைக்க வைத்த கன்று. ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கிறவரை எது என்று தெரியாது. பூக்க ஏழு வருஷமாவது ஆகும். தண்ணீர் ஊற்றி, நிழல் கட்டி, பூச்சி எடுத்து, இத்தனையும் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1984 மே மாதம் ஷாஸ்தானையும் இம்பேரையும் மற்ற கொரிய மறைசாட்சிகளோடு போப்பாண்டவர் சியோலில் புனிதர்களாக உயர்த்தினார். கோயிலில் அதை வாசித்த கொஞ்ச நாளில் எங்கள் மரம் பூத்தது. வெளிர் மஞ்சளில் சின்னச் சின்ன மணிகளாக, கொத்துக் கொத்தாக.

தவுக்கே ஒரு பூவைக் கிள்ளி நகத்தால் பிளந்து பார்த்தார். "ஜந்தான்" என்றார். ஆண். கொத்தாகப் பூத்தால் ஆண்தான், பிளந்து பார்த்திருக்கவே வேண்டாம். காய்க்காது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு வருஷம் தண்ணீர் ஊற்றியதில் பாதி நான் ஊற்றியது. வெட்டிவிடலாம் என்று தவுக்கே பாராங் கத்தியைக் கையில் எடுத்துவிட்டார். அண்ணன் கிழக்குச் சரிவைக் காட்டி, "அந்தப் பக்கம் பத்துப் பெண் மரம் நிக்குது தவுக்கே, ஒரு ஜந்தான்கூட இல்லை. இது நின்னாத்தான் அதெல்லாம் காய்க்கும்" என்று மலாயில் சொன்னார். தவுக்கே சரிவைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு அண்ணனையும் ஒரு மாதிரி பார்த்தார். பாராங்கை இடுப்பில் செருகிக்கொண்டு, "கௌ புஞ்ஞா சுக்கா" என்று போய்விட்டார். உன் இஷ்டம் என்று அர்த்தம்.

அப்பா அந்த டிசம்பரில் போனார். கடைசிவரை முதுகில் ஒரு புண் கிடையாது. கழுவ வந்த பெரியவர்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் நான் நாலாம் படிவம். வீட்டுச் செலவை அம்மாவும் நானும் பார்த்துக்கொள்ளலாம், தோட்டத்துக்குத் தவுக்கே மருமகன் வருகிறான் என்று ஆன பிறகு, மூன்றாவது கடிதம் போயிற்று. இருபத்தாறு வயது ஆளை எடுப்பார்களோ மாட்டார்களோ. அம்மா தினம் தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலைக் கூட்டினார். அண்ணன் கேட்கவே இல்லை.

பதில் வந்தது மத்தியானம் மூன்று மணிக்கு. மலைப்பக்கம் இருண்டு கிடந்தது, முற்றம் நிறைய பத்திரி. "அண்ணே, கடிதாசி!" என்று ஓடினேன். முத்திரையைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்தார், வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். "முதல்ல பத்திரியை உள்ள எடுப்போம் பாப்பா" என்றார். முதல் துளி விழுந்துவிட்டது. அம்மா ஒரு முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார், அண்ணன் இரண்டை. எனக்குப் பொறுக்கவில்லை. இறவாரத்தில் நின்றபடி உறையை நான்தான் கிழித்தேன், ஓரம் கோணலாக, உள்ளே இருந்த காகிதத்தின் நுனியும் சேர்ந்து கிழிய.

கடைசி முறத்தோடு உள்ளே வந்த அண்ணன் அதை மெதுவாகத் தரையில் வைத்தார். நனைந்த பத்திரி இரண்டை எடுத்துத் தனியே ஓரமாகப் பரப்பினார்.

"என்ன போட்டிருக்கு?" என்றார், முறத்திலிருந்து கண்ணெடுக்காமல்.