ரைடில் ஒன்றரை நிமிடம், வரிசையில் ஒரு மணி நேரம்



டிசம்பர் விடுமுறையில் டுபாயும் அபுதாபியும் போய் வந்ததிலிருந்து ஊரில் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பிள்ளைகளைக் கூட்டிப் போவதென்றால் ஐ.எம்.ஜி. நல்லதா, ஃபெராரி வேர்ல்ட் நல்லதா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம். வீட்டில் இருவருமே ஆசிரியர்கள், சுருக்கமாகச் சொல்ல எங்களுக்கு வராது.

முதலில் ரைட். அபுதாபி யாஸ் தீவில் உள்ள ஃபெராரி வேர்ல்டின் பெயரே 'ஃபோர்முலா ரொஸ்ஸா'வால்தான். 2010இல் திறந்தபோது உலகிலேயே வேகமான ரோலர் கோஸ்டர் அதுதான். 4.9 செக்கனில் மணிக்கு 240 கிலோமீற்றர். மணலும் பூச்சியும் கண்ணில் படாதிருக்க ஏறும்போதே கண்ணாடி தருகிறார்கள். டுபாயில் உள்ள ஐ.எம்.ஜி. 2016இல் திறந்தது. முழுப் பூங்காவும் ஒரே கூரையின் கீழ். அங்குள்ள 'வெலோசிராப்டர்' மட்டும் சுவரைத் தாண்டி வெளியே பாலைவனப் பக்கம் பாய்ந்துவிட்டு உள்ளே வரும். அது 2.5 செக்கனில் 100 கிலோமீற்றர்.

240 எங்கே, 100 எங்கே என்று தோன்றும். ஆனால் இரண்டிலும் ஏறிய மகள் சொன்னது, "முதுகில அடிக்கிறது ரெண்டும் ஒண்டுதான்." அவளுக்குப் பதின்மூன்று வயது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். தரம் 11 பிள்ளைகளுக்கும் இது உதவும். 240 என்பது செக்கனுக்கு 66.7 மீற்றர், அதை 4.9ஆல் பிரித்தால் ஆர்முடுகல் சுமார் 13.6. மற்றது 27.8ஐ 2.5ஆல் பிரித்தால் சுமார் 11.1. இரண்டுமே புவியீர்ப்பு ஆர்முடுகலான 9.8ஐத் தாண்டியவை. உடம்புக்கு வேகம் தெரியாது, வேகம் மாறுவதுதான் தெரியும். விமானத்தில் தேநீர் சிந்தாமல் குடிக்கிறோமே, அதே கதைதான். 240இல் கூடுதலாகக் கிடைப்பது முகத்தில் அடிக்கும் காற்று. அது சும்மா காற்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

தலைகீழாகச் சுற்றும் வளையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் புத்தகப் படங்களில் அது அழகான வட்டம். நிஜத்தில் வட்டமாகக் கட்டினால் நுழையும் இடத்தில் கழுத்து முறிந்துவிடும். நூறு வருடங்களுக்கு முன் அப்படிக் கட்டி, ஏறியவர்களை வதைத்துத்தான் கைவிட்டார்கள். இப்போதுள்ளவை மேலே குறுகி, கீழே அகன்ற நீர்த்துளி வடிவம். ரைட் 'ஸ்மூத்' என்கிறோமே, அதன் இரகசியம் பெரும்பாலும் இப்படி வளைவு படிப்படியாக ஏறுவதில் இருக்கிறது.

சின்னவனுக்கு எட்டு வயது. பெரிய ரைடுகளுக்கு உயரம் போதவில்லை. அவனைப் பொறுத்தவரை டைனோசரும் கார்ட்டூன் நெட்வேர்க் பகுதியும் உள்ள ஐ.எம்.ஜி.தான் முதலிடம். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு எங்கள் பதிலும் அதுவே. பதின்ம வயதென்றால் ஃபெராரி.

ஆனால் நாங்கள் எழுத வந்த விசயம் வரிசை. ரைட் ஒன்றரை நிமிடம், வரிசை ஒரு மணி நேரம். அப்படியானால் பிள்ளை அந்தப் பூங்காவில் உண்மையில் எதில் இருந்தான்?

அந்தப் பயணத்தில் வேறொரு பூங்காவுக்கும் போனோம். பெயர் வேண்டாம். பலகையில் 30 நிமிடம் என்றிருந்தது. அஸருக்கு இன்னும் நேரமிருக்கிறது, முடித்துவிட்டுத் தொழலாம் என்று கணக்குப் பார்த்து நின்றோம். 70 நிமிடமானது. நிற்பதா, விட்டுப் போவதா என்று உள்ளே தவித்தது வேறு. கடைசியில் ஏறும் வாசலில்தான் உயரம் அளந்தார்கள்! எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்துப் பையன் அவ்வளவு நேரம் நின்று, அளவுகோலுக்கு இரண்டு விரல் குறைவென்று அழுதுகொண்டே திரும்பினான். அந்த அளவுகோலை வரிசையின் தொடக்கத்தில் நட என்ன செலவு?

அப்போதுதான் பக்கக் கதவால் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டே வந்து எங்களுக்கு முன்னே ஏறியது. விரைவு டிக்கெட். மகன் கேட்டான், "வாப்பா, அவங்க எங்களுக்கு முந்தி வந்தவங்களா?" இல்லை மகன், கூடக் காசு குடுத்திருக்காங்க என்றோம். "அப்ப நாங்க குடுத்த காசு?" சீட்டுக் காசில் போன பயணம். நாலு பேருக்கும் அந்த டிக்கெட் எடுத்தால் பட்ஜெட் அதோடு சரி. பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

டேவிட் மைஸ்டர் என்பவர் 1985இல் காத்திருப்பின் உளவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சும்மா நிற்கும் நேரம் நீளும், எவ்வளவு நேரமென்று தெரியாத காத்திருப்பு நீளும், அநியாயமான காத்திருப்பு நியாயமானதை விட நீளும் என்பது அதன் சாரம். அதைப் படிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் இராத் தங்கியவர்கள் நாம். வெற்று கேஸ் சிலிண்டர்களை ரோட்டில் நிரையாக வைத்துக் காவல் இருந்தவர்கள். அந்த நாட்களில் நம்மைக் கொன்றது நின்றது மட்டுமா? எப்போது பவுசர் வரும் என்று தெரியாததும், பின்பக்கத்தால் யாரோ கேனில் அடித்துப் போகிறார்கள் என்ற செய்தியும்தான். கியூ.ஆர். வந்தபோது பெற்றோல் ஒன்றும் பெருகவில்லை. ஆனால் எனக்கு இத்தனை லீற்றர் என்று தெரிந்தது, மூச்சு வந்தது.

நல்ல பூங்காக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் 1969இல் திறந்த பேய் மாளிகையில், மக்களை ஓர் அறைக்குள் விட்டுக் கதவை மூடுவார்கள். சுவர்கள் நீள்வது போலிருக்கும், பயந்து சிரிப்பார்கள். உண்மையில் அந்த அறை ஒரு லிஃப்ட். ரைட் இருக்கும் கட்டடத்துக்கு ரயில் பாதைக்கு அடியால் போக, ஆட்களைக் கீழே இறக்குகிறார்கள். காத்திருக்கிறோம் என்ற நினைப்பே வராது. இதே டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸைத் தொடங்கியபோது அது எல்லோருக்கும் இலவசம். நேரம் குறித்துக்கொண்டு பிறகு வரலாம். 2021இல் அதை எடுத்துவிட்டுக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். உலகம் போகும் பக்கம் அதுதான்.

விரைவு வரிசையை மற்றவர் கண்ணில் படாமல் வேறு வழியால் விடலாமே என்று எங்களில் ஒருவர் சொல்கிறார். பிள்ளைகளின் மனமாவது நோகாது. மற்றவர் விடுவதாயில்லை: மறைத்துச் செய்தால் அது நியாயமாகிவிடுமா, கண்ணுக்குத் தெரிந்தால்தானே பிள்ளை கேள்வி கேட்பான்? இந்த வழக்கு வீட்டில் இன்னும் முடியவில்லை.

போக இருப்பவர்களுக்கு: புறப்படுமுன் வீட்டிலேயே செருப்பில்லாமல் பிள்ளையின் உயரத்தை அளந்து, அந்தந்த ரைடின் அளவோடு ஒப்பிட்டு, பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வார நாளில், கதவு திறக்கும்போதே நில்லுங்கள், பெரிய ரைடை முதலில் முடியுங்கள். வளர்ந்த பிள்ளைகள் தனியாக அமரச் சம்மதித்தால், தனியாள் வரிசை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் பாதி நேரம் மிச்சம். வேறு கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம்.