புக்கிட் ரோத்தான் அடுப்படியில் மக்கரோனி பெரட்டல்

பாசிர் பெனாம்பாங் மீனவர் கம்பத்தில் காலை வியாபாரம் சூடு பிடித்திருந்தது. கோல சிலாங்கூர் பட்டணத்துக்கு எதிர்க்கரை. நடுவே சிலாங்கூர் ஆறு. பலரும் இங்கே வருவது நண்டும் இறாலும் சாப்பிட. நான் வந்தது லாலா வாங்க. கூட வந்த அக்கா புக்கிட் ரோத்தான்காரர். சிப்பிகளைக் கையில் அள்ளி ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். உயிருள்ள லாலா தட்டியதும் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். மூடாமல் கிடப்பதை ஒதுக்கிவிட்டு ஒரு கிலோ எடுத்தார்.

“மத்தியானம் ஸ்பாகெட்டிக்கு இதுதான் தம்பி. சோஸ் போத்தல் எதுவும் வாங்கிறாதீங்க” என்றார்.

வட சிலாங்கூர்த் தமிழ் வீடுகளில் பாஸ்தா எப்படிச் சமைக்கிறார்கள் என்று அடுப்படியிலேயே நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிறந்தநாள் விருந்தானாலும் சரி, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பானாலும் சரி, மேசையில் பெரட்டிய மீகூனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தட்டு மக்கரோனி இருப்பது இன்று சாதாரணம். பிள்ளைகள் முதலில் கை வைப்பதும் அதில்தான். ஆனால் தமிழர் சமையல் என்று நாம் எழுதும்போது அது எங்கேயும் வருவதில்லை. இவ்வளவு ருசியான ஒன்று கணக்கில் வராமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

பாலத்தைக் கடந்து தெற்கே திரும்பினால் கொஞ்ச நேரத்தில் புக்கிட் ரோத்தான். ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தின் சிற்ப வேலையைப் பார்க்கப் பல ஊர்களிலிருந்தும் வருகிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். அக்காவின் வீடு ஒரு சிறிய தாமானில் இருக்கிறது. அவர் பிறந்தது தோட்டத்து லயத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியே வந்தது. ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் வேலைக்குப் போன இடத்தில்தான் மக்கரோனியை முதன்முதலில் பார்த்தாராம்.

லாலாவை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டார். மண்ணைக் கக்க நேரம் ஆகும். அதற்குள் மக்கரோனி.

பெரிய பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் உப்புப் போட்டார். நாக்கில் வைத்துப் பார்த்து இன்னும் ஒரு கரண்டி சேர்த்தார். இத்தாலியர் சொல்லும் கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. அக்கா அளக்கவில்லை, ஆனால் கிட்டத்தட்ட அதே அளவில்தான் நின்றார். தண்ணீர் குறைந்தால் மாவு கெட்டியாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெந்துகொண்டிருந்ததில் ஒன்றை எடுத்துப் பாதியாய்க் கடித்து என்னிடம் காட்டினார். கடித்த இடத்தில், குழாயின் சுவருக்குள் மெல்லிய வெள்ளை வளையம். “இந்த வெள்ளை இருக்கறப்பவே எடுத்திரணும். மிச்சத்தை குவாலி பாத்துக்கும்” என்றார். வடிக்கும்போது கஞ்சித் தண்ணீரில் ஒரு குவளை தனியே எடுத்து வைத்தார்.

குவாலியில் சம்பால். ஊறவைத்த காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, கொஞ்சம் பெலாச்சான் எல்லாம் அரைத்தது. எண்ணெயில் முதலில் நெத்திலியைப் பொரித்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் கருவேப்பிலை, பிறகு அரைத்த விழுது. அவசரமே படவில்லை. பச்சை வாசனை போய், விழுது சுருண்டு, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்வரை கிளறினார். புளித்தண்ணீர் ஒரு கரண்டி. இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கலைத்தார். மக்கரோனி விழுந்ததும் எடுத்து வைத்த கஞ்சித் தண்ணீரை ஊற்றி, தீயை ஏற்றி, மேலும் கீழுமாகப் பெரட்டினார். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் மாவுதான் எண்ணெயையும் சம்பாலையும் சேர்த்துப் பிடித்து ஒவ்வொரு மக்கரோனி மீதும் பூசுகிறது. கடைசியில் தௌகே, நறுக்கிய சவி, பொரித்த நெத்திலி. தட்டில் போட்டதும் எலுமிச்சை பிழிந்தார்.

அந்த மக்கரோனிக்குள் சம்பால் ஏறியிருந்தது. வெளியே காரம், உள்ளே கோதுமையின் மெல்லிய இனிப்பு, இடையில் நெத்திலி நொறுங்குகிறது. நான் சாப்பிட்ட பாஸ்தாக்களில் இதற்கு முதல் இடம் கொடுப்பேன்.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. அலமாரியில் அம்மா காலத்து இடியாப்ப உரல் இருந்தது. மாவைப் பிழிந்து நூலாக்கும் வேலை நம் பக்கத்தில் மிகப் பழையது. 1025-இல் சாவுண்டராயர் கன்னடத்தில் எழுதிய ‘லோகோபகார’த்தில் மாவை அச்சில் பிழியும் சாவிகை வருகிறது. இத்தாலிப் பக்கம் வந்தால், சிசிலித் தீவின் பலேர்மோவில் ரோஜர் மன்னருக்காக அல் இத்ரீசி தன் புவியியல் நூலை முடித்தது 1154-இல். பக்கத்து ஊரான திராபியாவில் கோதுமை நூல் செய்து, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலில் அனுப்புகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். தோட்டத்துப் பெண்களுக்கு மீகூன், மஞ்சள் மீ, சேமியா, இடியாப்பம் எல்லாம் கைக்குப் பழகியவை. மக்கரோனி அந்த வரிசையில் வந்து சேர்ந்த கடைசி ஆள்.

பலேர்மோ என்றதும் இன்னொன்று. அங்கே மத்தி மீன் பாஸ்தா பெயர் பெற்றது. மத்தியோடு காட்டுச் சோம்பின் இலை, உலர் திராட்சை, பைன் கொட்டை சேர்த்துச் செய்வார்கள். சீஸ் வாங்க முடியாதவர்கள் வறுத்த ரொட்டித்தூளைத் தூவிக்கொண்டார்கள். அக்கா அடுத்துத் திறந்தது சார்டின் டின். மாதக் கடைசியில் தோட்டத்து வீடுகளைக் காப்பாற்றிய அதே டின். வெங்காயம், பச்சை மிளகாய், கருவேப்பிலை, ஒரு சிட்டிகை சோம்பு தாளித்து, மீனை உதிர்த்துப் போட்டு, டின்னில் இருக்கும் தக்காளிச் சாற்றையே குழம்பாக்கி ஸ்பாகெட்டியைப் பெரட்டினார். சிசிலி மீனவர் வீட்டிலும் சோம்பு, மலாயாத் தொழிலாளி வீட்டிலும் சோம்பு. மத்திக்கு அது பொருந்துகிறது என்பதை இரண்டு ஏழை அடுப்படிகளும் தாமாகவே கண்டுபிடித்திருக்கின்றன.

லாலா ஸ்பாகெட்டி சுருக்கமான வேலை. எண்ணெயில் பூண்டும் கிள்ளிய காய்ந்த மிளகாயும், மேலே லாலா, மூடி. சில நிமிடத்தில் வாய் திறந்துவிடும். வெந்தும் திறக்காததைத் தூக்கிப் போட வேண்டும். சிப்பி விட்ட சாற்றிலேயே ஸ்பாகெட்டியின் கடைசி வேக்காடு. கொத்தமல்லி தூவி இறக்கினார். நாப்போலியில் இதைச் செய்வது வோங்கோலே சிப்பியில். நம் லாலாவும் அதே குடும்பம்தான். இதற்குச் சீஸ் வேண்டாம். கடல் சாற்றின் ருசியை அது அமுக்கிவிடும்.

மாலையில் பெஸ்தாரி ஜெயா பக்கம் காரை விட்டேன். பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் பெரியவர்களுக்குத் தெரியும். வழியெல்லாம் செம்பனை. இங்கே தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே நட்டதுதான் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930-இல் கோன்கூர் பரிசு பெற்ற எழுத்தாளரும் அவரே. அக்காவின் குவாலியில் காலையில் ஓடியது ஒரு கிலோ பொட்டலத்தில் வரும் செம்பனை எண்ணெய். இத்தாலியர் ஆலிவ் எண்ணெய்தான் வேண்டும் என்பார்கள். லாலாவுக்கு அது நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சம்பாலைச் சுருள வதக்கும் சூட்டுக்குச் செம்பனை எண்ணெய் போதும். நம் மக்கள் உழைப்பில் வளர்ந்த எண்ணெயும் அதுதான்.

இருட்டியதும் கோல சிலாங்கூர் பட்டணத்தில் இரண்டு மூன்று கடைகளில் ஏறி இறங்கினேன். பட்டியலில் போலோனீஸ், கார்போனாரா, அக்லியோ ஓலியோ. போலோனீஸில் கொத்துக் கோழி. மாடும் பன்றியும் தவிர்த்து எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட நம் நாடு கண்ட வழி, அதைப் பாராட்டுகிறேன். ஆனால் சோஸ் போத்தலிலிருந்து வந்தது, இனிப்பு தூக்கல். கார்போனாராவில் கிரீம் வழிந்தது. ரோமில் அதற்கு முட்டை, சீஸ், பன்றிக் கன்னக் கொழுப்பு, மிளகு இவ்வளவுதான், கிரீமே கிடையாது. அக்லியோ ஓலியோ பரவாயில்லை. மக்கரோனி பெரட்டலோ, சார்டின் ஸ்பாகெட்டியோ நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் இல்லை.

சீனர் கொண்டுவந்த மஞ்சள் மீயைத் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் எடுத்து, உருளைக்கிழங்கு, தவ்வு, கணவாய்ச் சம்பால் சேர்த்து மீ கோரிங் ஆக்கினார்கள். வெட்கப்படாமல் கடை வாசலில் குவாலி போட்டு விற்றார்கள். இன்று நாடே சாப்பிடுகிறது. நம் வீட்டு மக்கரோனிக்கும் அந்தத் தகுதி உண்டு. வீட்டை விட்டு வெளியே வராததுதான் குறை.

வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் பொட்டலத்தைத் திருப்பி, டூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை அந்த ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டார்கள். சாதாரண மாவில் செய்தது பெரட்டும்போது குழைந்துவிடும்.

கோல சிலாங்கூரிலும் தஞ்சோங் காராங்கிலும் சாப்பாட்டுக் கடை நடத்தும் அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். போத்தல் சோஸைக் குறைத்து, உங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பெரட்டிக் கொடுக்கும் அதே மக்கரோனியைக் கடைப் பட்டியலிலும் போடுங்கள். தேவையான லாலாவும் நெத்திலியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.