ஆட்டு மலையிற் காடு

முல்லைத் திணையைக் கற்பிக்கும் நாங்கள் காட்டையும் ஆநிரையையும் ஒரே மூச்சிற் சொல்லுவோம். ஆயர் மேய்த்தனர், காடும் இருந்தது. நியூசிலாந்தின் வரலாறோ வேறு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஐரோப்பியர் பெருங்காடுகளை வெட்டியும் எரித்தும் புல் விதைத்தனர். மலைச்சரிவுகள் ஆட்டுப் பண்ணைகளாயின. வேலிக்கென அவர்கள் கொண்டுவந்த கோர்ஸ் என்னும் முட்செடி, பின்னர் அந்த மேய்ச்சல் நிலத்தையே விழுங்கத் தொடங்கிற்று.

அந்நாட்டின் பாங்ஸ் தீபகற்பத்தில், ஹினெவாய் என்னுமிடத்தில், இத்தகைய 109 ஹெக்டேயர் நிலத்தை 1987ஆம் ஆண்டில் ஓர் அறநிதியம் வாங்கியது. அதனைப் பேணிய தாவரவியலாளர் ஹியூ வில்சன் முட்செடியை வெட்டவில்லை. கால்நடைகளை அகற்றித் தீ அணுகாது காத்தார். அயற்பண்ணையார் சிலர் எள்ளினர். ஆயினும் காற்றும் பறவைகளும் கொணர்ந்த விதைகள் முட்செடியின் நிழலில் முளைத்தன. நாட்டு மரங்கள் உயர்ந்ததும் வெயிலிழந்த முட்செடி மடிந்தது. இன்று அக்காப்பகம் ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் விரிந்துள்ளது.

இதனை உயர்தர வகுப்பிற் சொன்னபோது மாணவன் ஒருவன் கேட்டான்: “ஆடு மேய்த்தவர்கள் என்ன ஆனார்கள், சேர்?”

அக்கேள்வி நியாயமானது. வளரும் மரம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்கிக் காபனைத் தண்டிலும் வேரிலும் சேமிக்கிறது. 2008 முதல் நியூசிலாந்தில் அச்சேமிப்புக்கு விலையுண்டு. சந்தைக்கோ பொறுமையில்லை. நாட்டு மரம் மெல்ல வளர்வது. கலிபோர்னியாவிலிருந்து வந்த ரேடியாட்டா பைன் விரைந்து வளர்வது. ஆகவே பணம் பைனையே நாடுகிறது. பண்ணை பைன்தோட்டமாகும்போது மேய்ப்பவனுக்கும் உரோமம் கத்தரிப்பவனுக்கும் அங்கே வேலையில்லை. 2023 பெப்ரவரியிற் கபிரியல் சூறாவளி வீசியபோது, வெட்டிய தோட்டங்களிற் கைவிடப்பட்ட கழிமரங்கள் வெள்ளத்தோடு உருண்டு பாலங்களை உடைத்தன. அந்நட்டமும் ஊராரின் தலையிலேயே விழுந்தது.

நிலக்கரியை எரிப்பவன் மரத்திற்குப் பணங்கொடுத்துத் தன் புகைக்கு அனுமதி வாங்குவதும் நேர்மையான கணக்கன்று. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் உறங்கிய காபனுக்கு, ஒரு தீயிற் கருகக்கூடிய மரம் ஈடாகுமா? புகை முதலிற் குறையவேண்டும்.

காடும் வேண்டும். அது தானே வளருமெனினும், வேலி அடைக்கவும், கன்றுகளைத் தின்னும் காட்டாடுகளையும் பொசம்களையும் தடுக்கவும், தீயைக் காக்கவும் ஆண்டுதோறும் ஆட்கள் வேண்டும். அந்தச் சரிவுகளை நன்கறிந்தவர்கள் பண்ணைத் தொழிலாளரே. காபனுக்குக் கொடுக்கும் பணத்தில் அவர்களுடைய கூலிக்கு முதலிடம் வேண்டும். இன்றேல் காடு திரும்பும். அதனருகே வாழ்ந்த மனிதர் ஊரைவிட்டுப் போயிருப்பர்.