ஏழு குன்றவன்

அலிபிரியில் தொடங்கித் திருமலைக்கு ஏறும் 3,500-க்கும் மேற்பட்ட படிகளில் எந்த நேரமும் கேட்கும் குரல் ஒன்றுதான்: "ஏடுகொண்டலவாடா... வெங்கடரமணா... கோவிந்தா, கோவிந்தா!" சேலத்திலிருந்து வந்தவரும் மும்பை மாதுங்காவிலிருந்து வந்தவரும் அர்த்தம் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. முன்னால் போகிறவர் சொன்னால் பின்னால் போகிறவரும் சொல்கிறார். ஆனால் தமிழ்க் காது சும்மா இருக்காது. ஏடு என்றால் ஓலை. கொண்டல் என்றால் மழைமேகம். பெருமாளின் நிறமும் அதுதானே. கடைசியில் வரும் 'வாடா'தான் கொஞ்சம் உறுத்தும். சாமியை இப்படியா கூப்பிடுவது?

தெலுங்கர் யாரும் சாமியை 'டா' போட்டு அழைக்கவில்லை. தெலுங்கில் ஏடு என்றால் ஏழு. கொண்ட என்றால் மலை. வாடு என்றால் அவன். ஏழு மலைகளுக்கு உரியவனே என்பது பொருள். சுவாரசியம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. தமிழில் ழகரம் வரும் பல இடங்களில் தெலுங்கில் டகரம் வரும். கோழி அங்கே கோடி. சோழன் அங்கே சோடன். அந்த வழியில் ஏழு ஏடு. மூன்று என்பது பழந்தெலுங்கில் மூண்டு. அதே போக்கில் குன்றுக்கு உறவானது கொண்ட. 'அவன்' என்ற சொல்லின் தலையிலிருந்த உயிரெழுத்து இடம் மாறி உள்ளே நுழைந்ததும் பிறந்தது வாடு. உரல், ரோலு ஆனதும் இப்படித்தான். ஆக, படியேறும் தமிழர் புரியாமல் கூவுவது தன் சொற்களையேதான்: ஏழு குன்றவனே!

இந்த உறவை முதலில் ஆதாரத்தோடு அச்சில் காட்டியவர் ஓர் ஆங்கிலேய கலெக்டர். திருக்குறளுக்கு உரை எழுதியவராகத் தமிழர் அறிந்த எல்லீஸ்தான் அவர். தென்னாட்டு மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்று கல்கத்தாவில் இருந்த அறிஞர்கள் சொல்லிவந்த காலம் அது. 1816-ல் ஏ.டி. கேம்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக்கு எல்லீஸ் ஒரு குறிப்பு எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, இவை ஒரே குடும்பம் என்றார். சென்னைக் கல்லூரியில் தெலுங்கு கற்பித்த பட்டாபிராம சாஸ்திரியின் வேர்ச்சொல் பட்டியல் இல்லாமல் அது நடந்திருக்காது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856-ல். அதற்கு 40 ஆண்டு முன்பே ஒரு வெள்ளைக்காரரும் பண்டிதர்களும் சேர்ந்து சொல்லின் பின்னால் அலைந்திருக்கிறார்கள். பெயர் நிலைத்தது ஒருவருக்குத்தான் என்பது வழக்கமான கதை.

சித்தூருக்கு வருவோம். சிறு ஊர், சிற்றூர், சித்தூர் என்று பள்ளிப் பிள்ளைகூடப் பிரித்துவிடும். கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் 'த்த'. தமிழில் 'ற்ற' வரும் இடத்தில் தெலுங்கில் 'ட்ட' வருவது வழக்கம்: சுற்று - சுட்டு, பற்று - பட்டு, புற்று - புட்ட. தெலுங்கு வாயில் உருவாகியிருந்தால் ஊரின் பெயர் 'சிட்டூரு' என்றல்லவா ஆகியிருக்கும்? காற்றைக் காத்து என்றும் நேற்றை நேத்து என்றும் சொல்லும் வாய்தான் சிற்றூரைச் சித்தூர் ஆக்கியிருக்க வேண்டும். 1911-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்து மாவட்டமாக்கியபோது ஊருக்கு இந்தப் பெயர் எப்போதோ படிந்துவிட்டிருந்தது.

பக்கத்திலேயே புத்தூர். கை கால் முறிந்தால் தமிழ்நாடு முழுக்க நினைவுக்கு வரும் அதே 'புத்தூர் கட்டு' புத்தூர். இது புற்றூரா, புது ஊரா? இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஆனால் 'புதிய' என்பதற்குத் தெலுங்கில் கொத்த, புற்றுக்குப் புட்ட. எந்தப் பக்கம் திருப்பினாலும் பெயர் தமிழ்ப் பேச்சின் பக்கமே சாய்கிறது. எலும்பை ஒட்டவைப்பதைவிடப் பெயரை ஒட்டவைப்பது சிரமம்.

இந்த இடத்தில்தான் சொல்லாராய்ச்சி வம்பில் மாட்டிக்கொள்கிறது. பெயர் தமிழ் என்றால் ஊர் யாருக்கு? மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த காலத்தில் இது வெறும் பண்டிதக் கேள்வியாக இல்லை. அந்தப் பக்கம் 'மதராஸ் மனதே' என்றார்கள். இந்தப் பக்கம் ம.பொ.சி. தலைமையில் 'வேங்கடத்தை விடமாட்டோம்' என்ற முழக்கம். தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் பாயிரமே சொல்வது சாட்சியாக வந்தது. 1953-ல் சித்தூர் ஆந்திரத்தோடு போயிற்று. 1960 ஏப்ரல் 1-ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. திருப்பதி அங்கேயே நின்றது. அந்தப் போராட்டத்தின் நியாயம் தனி விஷயம். ஆனால் ஒரு சொல்லின் வேரைப் பட்டாவாக நீட்டுகிறவர் எதிர்ப் பட்டாவுக்கும் தயாராக இருக்க வேண்டும். சென்னை என்ற பெயர் தாமர்ல சென்னப்ப நாயக்கர் என்ற தெலுங்கரிடமிருந்து வந்தது என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். 1996-ல் 'மெட்ராஸை' நீக்கிவிட்டு அந்தப் பெயரைத்தான் தமிழ்ப் பெயர் என்று எல்லா மொழியிலும் வைத்தோம்.

சொல்லைச் சொத்தாகப் பார்க்காதவர்களும் இருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த பரோ ஒருவர். கனடாவில் பிறந்து, 1930-களில் நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதி, பிறகு கலிபோர்னியாவில் கற்பித்த எமனோ மற்றவர். நடுவில் ஒரு பெருங்கடல். இருவரும் சேர்ந்து 1961-ல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியின் இரண்டாம் பதிப்பு 1984-ல் வந்தபோது அதில் 5,500-க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றும் பந்தி போல: இன்று உள்ள மொழிகளில் தமிழ்ச் சொல் முதலில், பிறகு மலையாளம், கன்னடம், தெலுங்கு, கோண்டி, குயி என்று கடைசியில் பலுசிஸ்தானத்து பிராகூயி வரை. இலக்கியமே எழுதாத மலைவாசியின் சொல்லுக்கும் அங்கே இலை போட்டிருக்கிறது. முதல் பதிப்பு வந்த அதே 1961-ல் தெலுங்கு வினைவேர்களைப் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார் எமனோவின் மாணவர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. அதையொட்டிய ஆண்டுகளில் சிறிது காலம் அவர் ஆசிரியராக இருந்தது திருப்பதி வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில். தெலுங்குச் சொல்லுக்கு வேர் தேட, தமிழைப் படிக்காமல் முடியாது என்பது அவருக்குத் தெரியும். தமிழ்ச் சொல்லுக்கு வேர் தேடுகிற நம்மில் எத்தனை பேர் தெலுங்கு படிக்கிறோம்?

மலைமேல் கோயிலுக்குள் இந்தக் கேள்வியே எழாது. அங்குள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பான்மை தமிழ், பேச்சு தெலுங்கு, மந்திரம் சமஸ்கிருதம். பெரிய வாசலுக்குப் பெயர் படிகாவலி. படியும் காவலும் அப்படியே நிற்கின்றன. 'பங்காரு வாகிலி'யில் வாகிலி நம் வாயில்தான். கருவறைப் படி குலசேகரப் படி. தோமாலை சேவை தோள்மாலையிலிருந்து வந்தது என்பார்கள். வேங்கடம் என்பதற்குப் புராணம் சொல்வது 'பாவத்தை எரிப்பது'; தமிழறிஞர்கள் சிலர் சொல்வது 'வெந்த காடு'. எது சரியோ, இருவருக்கும் நெருப்பில் சந்தேகமில்லை. மார்கழியில் சுப்ரபாதம் ஓய்ந்து திருப்பாவை ஒலிக்கிறது. அப்போது மொழி மாறியதாக வரிசையில் நிற்பவர் எவரும் புகார் சொல்வதில்லை.

மலைக்குக் கீழேதான் கவலை. நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் பக்கத்து வீடுகளில் தமிழ் இன்னும் பேசப்படுகிறது. ஆனால் பிள்ளை தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறது. பாட்டிக்கு வந்த கடிதத்தைப் பேத்தியால் வாசிக்க முடிவதில்லை. 1997-ல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கியதற்குக் காரணம் மூன்று மாநிலங்களும் அங்கே உரசிக்கொள்வதுதான். அகராதியில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை அந்தப் பாட்டிமார் நாக்கிலேயே வைத்திருக்கிறார்கள். சந்தையில் கோடி விலை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கோழிக் குழம்பு வைப்பார்கள். அத்தை அங்கே அத்த, மாமா அங்கே மாம. சம்பந்தம் பேசுவதில்கூடச் சிக்கல் இல்லை. பேத்திக்கு இதில் ஒரு கரை மட்டும் மிஞ்சினால், மறுகரைச் சொல் அவளுக்கு வெறும் சத்தம், படியேறுகிறவருக்கு 'வாடா' கேட்பது போல.

உரல் என்றும் ரோலு என்றும் பாட்டி மாற்றி மாற்றிச் சொல்லும் கல் பல வீடுகளில் கொல்லைப்புற மூலையில் மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. சமையலறையில் அதன் வேலையைச் செய்வதற்கு இரண்டு மொழியிலும் ஒரே பெயர், மிக்ஸி.